பதினான்காம் எண் பூட்டு

என் கணவருக்கு வேலை செய்யும் இடத்தில் ‘ஆறாவது மாடி’ என்று பெயர். கீழே நின்று ஒரு கேள்வி கேட்டால் அது ஆறு மாடி ஏறிப் போய், அங்கே கொஞ்சம் இளைப்பாறி, அதற்குப் பிறகுதான் பதிலாக இறங்கி வரும் என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்குகள் வைக்கிற பட்டப்பெயர் வேறு எப்படி இருக்கும்? கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷத்துக்குள் நானே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, “கொஞ்சம் கம்மி” என்பார்.

ஆள் பார்ப்பதற்கும் விசேஷமாக ஒன்றும் கிடையாது. நாற்பத்தாறு வயது, நடுத்தர உயரம், வருஷா வருஷம் பின்னுக்குப் போகும் முடி. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனியில், மற்றவர்கள் சுகமாக மேலே போவதற்காக வேலை பார்க்கிறார். இவர் மட்டும் எங்கே போனாலும் மாடிப்படியில்தான் ஏறுவார். ஏன் என்று கேட்டேன். அந்தப் பதில் இன்னும் இறங்கி வரவில்லை.

இந்த மனிதரை ஓட வைத்தவன் என் தம்பி.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். இவர் சொல்லித்தான் அதே கம்பெனியில் சேர்ந்தான். லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். தம்பியை இவருக்கே ஜோடியாகப் போட்டார்கள். ஒருவன் ஓட்டைவாய், இன்னொருவருக்கு வாயே கிடையாது. “மாமா, உங்க இதயமாவது நேரத்துக்கு அடிக்குதா, இல்ல அதுவும் யோசிச்சு யோசிச்சுத்தான் அடிக்குதா?” என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடக் கூட்டிப் போனான். அடுத்து நீச்சல்குளம். அதற்கடுத்து கல்லிலும் மண்ணிலும் போகிற தடித்த டயர் சைக்கிள் இரண்டு. இவர் இரண்டே வாரத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டதற்கு, “மூணு மணி நேரம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க” என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அப்படித்தான் அந்தப் போட்டி வந்தது. நீந்தி முடித்த ஈரத்தோடு சைக்கிள், சைக்கிளை வைத்துவிட்டு ஓட்டம் என்று மூன்றையும் மூச்சுவிடாமல் செய்கிற போட்டிகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவை தார்ச்சாலையில் நடப்பவை. இவர்கள் தேர்ந்தெடுத்ததில் சாலையே கிடையாது. ஏரியில் இரண்டரை கிலோமீட்டர் நீந்த வேண்டும். காட்டு மண்பாதையில் முப்பத்தைந்து கிலோமீட்டர் சுற்று ஒன்றை இரண்டு தடவை சைக்கிளில் சுற்ற வேண்டும். பிறகு மலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ஜெயிப்பதற்கென்று வேறு ஆட்கள் வருவார்கள். இவர்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்கிறவர்களுக்கு முடித்தால் ஒரு மெடல், முடிக்காவிட்டால் கால்வலி.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தம்பிதான் இரண்டு பேருக்கும் விண்ணப்பம் நிரப்பினான். ஆபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற இடத்தில் இரண்டிலும் என் நம்பரைப் போட்டான். “ரெண்டு பேரும் சேர்ந்து கவுந்தா உனக்கு ஒரே போன்தான் வரும்க்கா. வேலை மிச்சம்.” நான் கையிலிருந்த துணியால் அவன் முதுகில் ஒன்று போட்டேன்.

போட்டிக்கு எட்டு மாதம் இருக்கும்போது எனக்குப் போன் வந்தது. தம்பி செத்துப்போனான்.

இறந்துபோனான், காலமானான் என்றெல்லாம் எழுதலாம். எனக்கு வரவில்லை. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான். மேலே எந்திர அறையில் மெயின் ஸ்விட்சை அணைத்து, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்கினான். யாரோ லிஃப்ட் ஓடவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். கட்டடக் காவலாளி மேலே போய் அட்டையை ஒதுக்கிவிட்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டார். அன்று வேலையைப் பிரித்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்தில் இருந்த என் கணவர் ஓடி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் கம்பெனி ஒரு சிவப்புப் பூட்டு கொடுக்கும். அதில் அவருடைய எண் குத்தியிருக்கும். ஸ்விட்சை அணைத்ததும் அதில் அந்தப் பூட்டை மாட்ட வேண்டும். பிறகு யார் வந்தாலும் போட முடியாது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. சாவி அவர் உடம்பிலேயே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் தானே வெளியே வந்து, தானே திறக்க வேண்டும். அடுத்தவன் பூட்டைத் தொடக் கூடாது, வெட்டவே கூடாது. இவர்கள் தொழிலில் பொய் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு, அடுத்தவன் பூட்டை வெட்டினால் கிடையாது. தம்பியின் எண் பதினான்கு. சாவி அவன் கழுத்தில் நீலக் கயிற்றில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரத்தோடு ஒரு உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பூட்டு ஸ்விட்சிலும் இல்லை, அவன் பையிலும் இல்லை.

விசாரணையில் என் கணவரிடம், “அவரோட பூட்டு எங்கே?” என்று கேட்டிருக்கிறார்கள். “தெரியாது” என்றார். கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மூடியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று நடத்துவார்கள். அதில் தம்பியின் படத்தைத் திரையில் போட்டு, கீழே ‘பூட்டாமல் இறங்கியவர்’ என்று காட்ட ஆரம்பித்தார்கள். அவனுடைய அடையாள அட்டைப் படம். சிரித்துக்கொண்டிருப்பான். மாதம் ஒரு வகுப்பு, மாதம் ஒரு தடவை என் தம்பி முன்பின் தெரியாத நாற்பது பேர் முன்னால் முட்டாளாகச் சிரித்துக்கொண்டு நிற்பான். படத்தை எடுங்கள் என்று நான் இரண்டு முறை போய்க் கேட்டேன். நடந்தது நடந்ததுதானே அம்மா என்றார்கள்.

என் அம்மா அதைவிட மோசம். அவளும் நம்பிவிட்டாள். நம்பியது மட்டுமில்லை, காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். “என்னைக் கொண்டு பொறந்துட்டான். நானும் அடுப்பை அணைக்க மறக்கிறவதானே. சின்னதுல பாலை எத்தனை தடவை பொங்க விட்டிருக்கேன். அந்தப் புத்திதான் அவனுக்கும்.” ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் போகும்போது இதையே சொல்வாள். பேச்சின் நடுவில் எழுந்து போய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்ப்பாள். வந்து உட்காருவாள். மறுபடி எழுந்து போவாள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஏழு தடவை போனதை நான் எண்ணியிருக்கிறேன். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், மரத்துப்போயிருந்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமுக்குப் பொருத்துவது என் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் லென்ஸ் வீண். அந்த எட்டு மாதத்தில் ஒரு லென்ஸ்கூட நான் வீணாக்கவில்லை. கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்தேன். பதினான்காம் எண் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அழுகை மட்டும் வரவில்லை.

இவரும் அப்படித்தான். ஆனால் பயிற்சியை நிறுத்தவில்லை. விடிகாலையில் ஓடினார், வேலை முடிந்து நீந்தினார். சைக்கிளைக் கம்பெனிக் கிடங்கில் வைத்திருப்பதாகச் சொன்னார். அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டு வருவார். வீட்டில் இடமில்லாத குறைக்கு நல்லதாகப் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன். சில நாள் முட்டியில் ரத்தம் காய்ந்து கிடக்கும். “விழுந்தீங்களா?” என்பேன். குனிந்து பார்த்துவிட்டு, “ஆமா போல” என்பார்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அன்று காலை அவனோடு வண்டியில் போனவர் இவர். அவன் கடைசியாக என்ன சொன்னான், என்ன வேலை என்று இறங்கினான், பூட்டு எங்கேதான் போனது? எத்தனை விதமாகக் கேட்டாலும் சுவரோடு பேசுகிற மாதிரிதான். மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தப் போட்டி தம்பி ஆசைப்பட்டது, முடியட்டும். முடிந்த அன்றே கடைசி முறையாகக் கேட்பேன். பதில் வரவில்லை என்றால் துணிமணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். பெட்டிகூடக் கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே இவர் கிடங்கிலிருந்து கம்பெனி வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதல் நாளே சைக்கிளைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட வேண்டும், அந்த இடத்துக்குள் போட்டியாளர்களைத் தவிர யாரும் போகக் கூடாது. நான் கடையை முடித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரையில் இருநூறு பேர் ரப்பர் உடுப்பில் நின்றார்கள். எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. யார் யார் என்று அவரவரைப் பெற்றவர்களுக்கே தெரியாது. ஆறரைக்கு ஊதினார்கள். ஒரு மணி நேரம் பத்து நிமிஷத்தில் இவர் வெளியே வந்தார். உதடு வெளுத்திருந்தது. கையில் ரோமம் எல்லாம் சிலிர்த்து நின்றது. “குளிருதாங்க?” என்று கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன். குளிர்கிறதா என்று யோசித்துக்கொண்டே சைக்கிள் பக்கம் ஓடினார். தூரத்தில், மற்றவர்கள் தோளுக்கு நடுவே, சைக்கிள் இருக்கைக்கு அடியில் கறுப்பு ரப்பரால் எதையோ கட்டி வைத்திருந்தது தெரிந்தது. பஞ்சர் சாமான் என்று நினைத்தேன்.

முதல் சுற்று முடிகிற இடத்தில் ஒரு சோதனைச் சாவடி மாதிரி வைத்திருந்தார்கள். அங்கே குடும்பத்தார் நிற்கலாம், தண்ணீர், வாழைப்பழம் கொடுக்கலாம். பதினொன்றரைக்குள் அதைத் தாண்டாதவர்களுக்குப் போட்டி அங்கேயே முடிந்தது. பதினொன்று ஐந்துக்கு இவர் தெரிந்தார். ஆனால் ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணைத் தவிர எல்லா இடத்திலும் சேறு.

சாவடியில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் பழுது பார்க்க உட்கார்ந்திருந்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். “ரெண்டு ஸ்போக்ஸ் கம்பி போயிருச்சுண்ணே. மேல ஏதோ தொங்குது பாருங்க, அதுதான் உள்ள போய் மாட்டியிருக்கு. அதை எடுத்தாத்தான் விடுவேன்.”

கடைக்காரர் கிழிந்த ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு, பெட்டியிலிருந்து பெரிய வெட்டுக்கத்திரியை எடுத்தார். இரும்பை வெட்டுகிற கத்திரி. அப்போது இவர் இருக்கைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

“வெட்டக் கூடாது.”

“அப்ப சாவியக் குடுங்க, திறந்துருவோம்.”

“எங்கிட்ட இல்ல.”

“வெட்டாம எப்படிண்ணே? இறக்கத்துல மறுபடி மாட்டிச்சுன்னா தலைகுப்புறப் போவீங்க. கைய எடுங்க.”

“இது அடுத்தவன் பூட்டு. வெட்டக் கூடாது.”

நான் வாழைப்பழத்தோடு பக்கத்தில் போய் நின்றேன். இவர் என்னைப் பார்த்தார். கை தானாக விலகியது. இருக்கையின் அடிக்கம்பியில் ஒரு சிவப்புப் பூட்டு. கூடவே வெட்டுப்பட்ட சங்கிலியின் இரண்டு கண்ணிகள். பூட்டில் சேறு அப்பியிருந்தது, எண் குத்திய இடம் மட்டும் விரல் பட்டுத் துடைபட்டிருந்தது. பதினான்கு.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தேடினேன். கடைக்காரரின் பெட்டி மேல் வைத்தேன்.

“இது எப்படி உங்க சைக்கிள்ல இருக்கு?”

ஆறு மாடி ஏறுவதற்கெல்லாம் நேரம் எடுக்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்த மாதிரி பதில் வந்தது.

“அன்னைக்கு வேலை முடிஞ்சு அப்படியே மலைப்பக்கம் ஓட்டப் போலாம்னு சைக்கிள எடுத்துட்டுப் போயிருந்தேன். சங்கிலி இருந்துச்சு, பூட்டை வீட்லயே வச்சுட்டேன். கட்டடத்துக்கு அடித்தளத்துல நிறுத்தணும். திருட்டுப் போயிடும்னு யோசிச்சிட்டு நின்னேன். அவன்தான், என் பூட்டைப் போட்டுக்கங்க மாமா, இன்னைக்கு எனக்கு எண்ணெய் போடறதும் எழுதறதும்தான் வேலை, குழிக்குள்ள எறங்கப் போறதில்லன்னான்.”

“உங்க பூட்டு?”

“எனக்கு மெயின்ல மாட்ட வேண்டிய வேலை இருந்துச்சு. என்னோடத நான் வேலைக்கு வச்சுக்கிட்டேன்.”

இவரே தொடர்ந்தார்.

“பத்தே முக்காலுக்குக் கதவு மூடலன்னு புகார் வந்திருக்கு. சின்ன வேலைதானேன்னு அட்டைய மட்டும் மாட்டிட்டு எறங்கியிருக்கான். அவன் மறக்கல. பூட்டு எங்கிட்ட இருந்துச்சு.”

“விசாரணையில தெரியாதுன்னீங்களே.”

“சொன்னேன்.”

“ஏன்?”

“வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல. நாலு நாள் கழிச்சு சைக்கிள எடுக்கப் போனேன். சாவி உன் கழுத்துல இருக்கு. கேட்டா சொல்லியாகணும். சங்கிலிய வெட்டினேன். இருக்கைக் கம்பியில மாட்டியிருந்த பூட்டை வெட்ட முடியல.”

இருக்கையையே கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டிருக்கலாம். எட்டு மாதம் அதன் மேல் உட்கார்ந்தே ஓட்டியிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவராத சைக்கிள், கிடங்கு, வீட்டில் இடமில்லை என்ற சமாதானம் எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது.

“அம்மா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொன்னாங்களே. என்னைக் கொண்டு பொறந்துட்டான்னு. நீங்க பக்கத்துல உட்கார்ந்துதானே சாப்பிட்டீங்க?”

தட்டைப் பார்க்கிற மாதிரியே சக்கரத்தைப் பார்த்தார்.

கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினேன். சாவி உள்ளே போக மறுத்தது. மழையும் மண்ணும் குடித்த பூட்டு. கடைக்காரர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பாவம், அந்த மனிதருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆனால் கத்திரியை மெதுவாகப் பின்னால் வைத்துவிட்டார். இரண்டாம் தடவை சாவி திரும்பியது. பூட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. நினைத்ததைவிடக் கனம் குறைவு.

“மணி பதினொன்னு இருபத்தஞ்சு” என்று யாரோ சொன்னார்கள்.

இவர் என்னிடம், “நான் போகவா?” என்றார்.

“போங்க. உங்க மூஞ்சியப் பார்க்க இப்ப என்னால முடியல. எங்கயாவது போங்க. முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தானே, நல்லா சுத்திட்டு வாங்க.”

போனார். உடைந்த கம்பிகளைக் கடைக்காரர் பிடுங்கி எறிந்திருந்தார். பின்சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே மரங்களுக்குள் மறைந்தது. அவர் விட்டுப்போன வாழைப்பழத்தை நான்தான் சாப்பிட்டேன்.

பூட்டை வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை. தம்பி மறக்கவில்லை என்பதுதான் முதலில் வந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அதற்கடுத்து என் மேலேயே ஆத்திரம் வந்தது. படத்தை எடுங்கள் என்று கம்பெனியில் போய்ச் சண்டை போட்டேனே தவிர, அவன் பூட்டாமல் இறங்கியிருக்க மாட்டான் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் நம்பித்தான் இருந்தேன். இவர் மேல் கோபம் கடைசியாகத்தான் வந்தது, வந்தது போகவில்லை. பூட்டைக் கொடுத்தது வாங்கியது தப்பில்லை, யாருக்கும் வருகிற புத்திதான். அந்த ‘தெரியாது’வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சைக்கிளுக்குக் கெடு இரண்டு மணி. ஒன்று ஐம்பத்தாறுக்கு வந்தார். காலணியை மாற்றினார். ஓட்டத்துக்கான பையை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. மலைப்பாதையில் ஏறும்போது ஓடவில்லை, நடந்தார். பலரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆறு பதினேழுக்கு, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசி வளைவில் தெரிந்தார். கெடுவுக்குப் பதின்மூன்று நிமிஷம் இருந்தது. கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் ஜனங்கள் அதிகம் கைதட்டுகிறார்கள். யாருக்குத் தட்டுகிறார்கள் என்று இவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ஒரு பெண் கழுத்தில் மெடலை மாட்டினாள். நான் கைதட்டவில்லை. துண்டை நீட்டினேன்.

“கால் இருக்கிற மாதிரியே தெரியல. அன்னைக்கு அவன்...” என்று ஆரம்பித்தார்.

“பேசாதீங்க” என்றேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. “எங்கிட்ட சொல்ல வேண்டியத சொல்லிட்டீங்க. மிச்சத்த நாளைக்கு அம்மாகிட்ட சொல்லுங்க.”

திங்கட்கிழமை கம்பெனியில் எழுதிக் கொடுத்தார். படத்தை எடுத்துவிட்டார்கள். இவரை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எதுவானாலும் சரி என்கிறார். என் பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருக்கிறது, பிரித்தும் வைக்கவில்லை, தூக்கிக்கொண்டும் போகவில்லை. அதெல்லாம் நடக்கிறபடி நடக்கட்டும். நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமையை.

அம்மா வீடு நாலாவது மாடி. கீழே லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. “இன்னைக்காவது இதுல வாங்க” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனார். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி வைத்தார். மூன்றாவது மாடியில் சுவரோடு சாய்ந்து நின்றார். நானும் பின்னாலேயே படியில்தான் ஏறினேன். உதவி செய்யவில்லை.

கதவைத் திறந்த அம்மா அவரைப் பார்த்து, “காலுக்கு என்னப்பா?” என்றாள். அவர் உள்ளே வந்து நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“அத்தை, உட்கார்ந்து சொல்ற விஷயம் இல்ல” என்றார். எல்லாவற்றையும் சொன்னார். சங்கிலி, பூட்டு, எண்ணெய் போடுகிற வேலை, பத்தே முக்கால், தெரியாது. ஒன்றையும் விடவில்லை, ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. நான் பூட்டையும் சாவியையும் மேஜை மேல் வைத்தேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டேன். அவள் பூட்டைக் கையில் எடுத்தாள். கண்ணாடி போடாமல் எண்ணைத் தெரிந்துகொள்ள முடியாது, விரலால் தடவிப் பார்த்தாள். நிறைய நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப அவன் மறக்கல.”

“மறக்கல அத்தை.”

“என்னைக் கொண்டு இல்ல.”

“இல்ல அத்தை.”

அம்மாவின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. எட்டு மாதமாக என்னிடம் வராத அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அழுது முடிக்கும் வரைக்கும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உங்கிட்ட பேச எனக்கு எவ்வளவோ இருக்கு. அதை அப்புறம் பேசிக்கறேன். மொதல்ல உட்காரு. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். வெந்நீர் வைக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தாள். பெரிய பேசினில் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அவர் பாதத்தை உள்ளே விட்டார்.

“சுடுதா?”

“சுடுது” என்றார், கேட்ட உடனேயே.

அம்மா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூட்டு அவள் மடியில் இருந்தது. நாங்கள் கிளம்பும் வரைக்கும் அவள் எழுந்து போய் அடுப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை.